ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி

என் அக்காள் மகன் ஆடும் ஆட்டத்தின் பெயர் போச்சா. அந்தப் பெயரை முதன்முதலில் வீட்டில் சொன்னபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்காளின் மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, என்ன போச்சு?" என்று பதறினார். பந்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல் அது என்று விளக்கி அவரை அமைதிப்படுத்தச் சிறிது நேரம் பிடித்தது. அன்று முதல் வெள்ளிக்கிழமை மாலை வந்தால் எங்கள் வீட்டில் கேட்கும் கேள்வி, "போச்சாவுக்குப் போயாச்சா?" என்பதுதான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், கோவிலை ஒட்டிய ஒரு மண்டபத்தில்தான் ஆட்டம் நடக்கிறது. திருமண விருந்துக்குப் பந்தி போடும் அதே தரையில், 12.5 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் அளந்து, ஒட்டுநாடாவால் எல்லைக்கோடு போடுகிறோம். ஒரு வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிடுவார்கள். பிறகு ஒரு பக்கத்துக்கு ஆறு சிவப்புப் பந்துகள், மறுபக்கத்துக்கு ஆறு நீலப் பந்துகள். வெள்ளைப் பந்துக்கு யாருடைய பந்து நெருங்கி நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. யாருடைய பந்து தள்ளி நிற்கிறதோ அவர்தான் அடுத்துப் போட வேண்டும். ஆகவே பின்தங்கியிருப்பவருக்கே வாய்ப்பு மேலும் மேலும் வந்துகொண்டிருக்கும்; அவருடைய பந்துகளும் அதே வேகத்தில் தீர்ந்துகொண்டிருக்கும். கேட்பதற்குக் கோலி விளையாட்டைப் போல இருந்தாலும், ஆடிப் பார்த்தால் சதுரங்கத்தின் கபடமெல்லாம் இதில் உண்டு. 1984 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெற்றுவரும் இந்த ஆட்டத்துக்கு ஒலிம்பிக்கில் இணை கிடையாது. பெருமூளை வாதம் போன்ற கடும் உடலியக்கக் குறைபாடு உள்ளவர்களுக்காகவே வளர்ந்த ஆட்டம் இது. இருக்கிற ஓர் ஆட்டத்தை அவர்களுக்காக வெட்டிச் சுருக்கியதன்று.

என் அக்காள் மகனுக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். கைகள் அவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, கழுத்து கேட்கும். பந்தைக் கையால் எறியவோ காலால் உதைக்கவோ இயலாதவர்களுக்கு இந்த ஆட்டத்தில் தனிப்பிரிவு ஒன்று இருக்கிறது. அதில் சறுக்குத் தடம் போன்ற ஒரு சரிவுப் பலகையைப் பயன்படுத்தலாம். துணையாள் பந்தை அந்தச் சரிவின் மேல் வைத்துப் பிடிக்க, ஆடுபவர் தலைப்பட்டையில் பொருத்திய குச்சியால் அதை விடுவிப்பார். பந்து எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சரிவில் எந்த உயரத்திலிருந்து அது புறப்படுகிறது என்பது தீர்மானிக்கும். எந்தத் திசையில் போகும் என்பதைச் சரிவு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தீர்மானிக்கும். இரண்டையும் முடிவு செய்பவன் அவன். செய்து கொடுக்கும் கை என்னுடையது.

இந்தப் பிரிவின் விதி ஒன்றைக் கேட்டபோது நான் திகைத்துப்போனேன். துணையாள் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் இருக்க வேண்டும். ஒரு சுற்று முடியும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தண்டனை உண்டு. வெள்ளைப் பந்து எங்கே கிடக்கிறது, எதிராளியின் பந்து எதை மறைக்கிறது, நான் இப்போது திருப்பிய அந்த ஒரு விரற்கடை சரிதானா என்று எனக்குத் தெரியக் கூடாது. நான் பார்க்க வேண்டியது அவன் முகத்தை மட்டும். பத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பிள்ளைக்குச் சோறூட்டி, சட்டை மாட்டி, எதிரே வரும் படியையும் பள்ளத்தையும் அவனுக்கு முன்பாகவே கண்டு சொல்லிப் பழகிய குடும்பம் எங்களுடையது. "நீ பார்க்காதே, அவன் சொல்வதை மட்டும் செய்" என்று எங்களிடம் ஒருவரும் அதுவரை சொன்னதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவன் எனக்குக் கட்டளையிடுவது தமிழில். எங்கள் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலந்தான். இந்நாட்டில் எங்கள் தலைமுறையிலேயே தமிழ் தேய்ந்துவிட்டது, அவன் தலைமுறையில் கேட்கவே வேண்டாம். ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஆடுபவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து, "மேலே", "கீழே", "இடது", "இன்னும்", "போதும்" என்று, ஆயா என்று அழைக்கும் பாட்டியிடம் கேட்டுக் கற்ற சொற்களையெல்லாம் மந்திராலோசனை போலப் பயன்படுத்துகிறான். ஒரு சொல்லை அவன் வாயிலிருந்து வெளிக்கொணர நான்கைந்து நொடி ஆகும். குறுகிய தமிழ்ச்சொற்கள் அதற்கும் வசதியாக அமைந்துவிட்டன. "பார்க்காதே!" என்பதும் அவற்றுள் ஒன்று. ஆயா அவனிடம் பேசிய ஒருமையிலேயே தமிழைக் கற்றவன் ஆதலால், சின்னம்மாவான என்னிடமும் அதே ஒருமைதான். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் முதல் சரிவுப் பலகை, கழிவுநீருக்குப் பதிக்கும் 110 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பழைய புகைப்படக் கருவி முக்காலியில் கம்பியால் கட்டியது. பந்துதான் பெரும்பாடாக இருந்தது. டென்னிஸ் பந்து குழாயில் வழுக்கிக்கொண்டு மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை ஓடியது. காலுறையில் பருப்பை அடைத்துத் தைத்த பந்து குழாயின் நடுவிலேயே சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. முறையான பந்து தோலால் ஆனது. 275 கிராம் எடை, 27 சென்டிமீட்டர் சுற்றளவு. உருளும், ஆனால் சொன்ன இடத்தில் நிற்கும். பழைய பந்துத்தொகுதி ஒன்று கைமாறி எங்களிடம் வந்து சேர ஓராண்டு ஆனது. அந்த ஓராண்டும் பருப்புப் பந்துடன்தான் ஆடினோம். மழைக்காலத்தில் அவற்றுள் ஒன்று முளைவிட்டது என்று என் அக்காள் சொல்வாள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வது.

போச்சா வருவதற்கு முன்பு அவனுடைய விளையாட்டு வாழ்க்கை என்னவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குறைபாடுள்ள பிள்ளைகளையும் இயன்றவரை பொதுப் பள்ளியிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2001 இல் அரசு கொள்கை அறிக்கை வெளியிட்டது. அதன் பலனாக அவனுக்கும் ஒரு பொதுப் பள்ளியில் இடம் கிடைத்தது. கணக்கு ஆசிரியரைப் பற்றி எங்களுக்கு நன்றி தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் விளையாட்டு வேளை வந்தால், மற்றப் பிள்ளைகள் கழற்றிய கம்பளிச் சட்டைகளும் ஆசிரியரின் தண்ணீர்ப் போத்தலும் அவன் மடிக்கு வந்து சேரும். அவன் நிழலில் அமர்ந்து அவற்றுக்குக் காவல் இருப்பான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. "அவனையும் சேர்த்துக்கொள்கிறோம், பாருங்கள்" என்று ஒரு முறை என்னிடம் பெருமையாகவே சொன்னார்கள். ஒரு நாள் சற்று முன்னதாகச் சென்ற நான், மடியில் குவிந்த சட்டைகளுக்கு மேலே அவன் முகம் மட்டும் தெரிந்ததைக் கண்டேன். வீட்டில் கதவுக்குப் பின்னால் சட்டை மாட்டும் ஆணி இருக்கிறதே, அதுதான் நினைவுக்கு வந்தது.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் டர்பன் மாநகராட்சித் தொழிலாளி. மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளருக்கென்று கட்டப்பட்ட மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில், தமிழும் தெலுங்கும் கலந்து ஒலித்த நெருக்கமான வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்து கடல் நடக்கும் தொலைவு. பின்னர் 1950 ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பேரில் அந்தக் குடியிருப்பைக் கலைத்து, 1960களில் எல்லாரையும் மலையும் பள்ளமுமான சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அப்பா கடற்கரைப் பாதையைப் பெருக்கும் வேலையில் இருந்தார். விடியற்காலையில் அவர் பெருக்கிச் சுத்தம் செய்த கரையில், பொழுது விடிந்த பிறகு அவர் குளிக்கக் கூடாது. இந்தியருக்கு என்று ஒதுக்கிய துண்டு வேறு. பொது வசதிகளை இனவாரியாகப் பிரிக்கும் 1953 ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபுறம். மாநகராட்சியின் விதி எண்ணைக் குறிப்பிட்டு, இப்பகுதி வெள்ளையர் மட்டும் குளிப்பதற்கு உரியது என்று மும்மொழியில் எழுதிய பலகைகள் மறுபுறம். 1989 நவம்பரில் கடற்கரைகள் அனைவருக்கும் உரியவை என்று அதிபர் டி கிளர்க் அறிவித்தார். மறு ஆண்டில் அந்தச் சட்டமே நீங்கியது.

பலகைகளைக் கழற்றிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையில் அப்பா எங்கள் எல்லாரையும் அழைத்துக்கொண்டு போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாம் பெருக்கிய அதே இடத்தில் கடலில் இறங்கினார். ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்கு அப்போது இருபது வயது. அத்துடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, அக்காள் மகனுக்கு ஏழு வயதானபோது, அதே இடத்துக்கு அவனை அழைத்துச் சென்றோம். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தையொட்டி விரித்துக் கட்டிய கடற்கரைப் பாதை அருமையானது. அகலமும் சமதளமும் சேர்ந்த பாதை. இப்போது துறைமுக வாய் முதல் உம்ங்கேனி ஆற்றின் முகம் வரை ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்குச் சக்கர நாற்காலி தங்குதடையின்றிப் போகும். சனிக்கிழமை காலைகளில் அங்கே நடக்கும் 5 கிலோமீட்டர் பார்க்ரன் ஓட்டத்தில் கைத்தடியோடு நடப்பவர்களையும், கயிற்றைப் பிடித்தபடி வழிகாட்டியோடு ஓடும் பார்வையற்றவர்களையும், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளுபவர்களையும் பார்க்கலாம். கட்டணமும் இல்லை, கடைசியாக வருபவரைக் கண்டு முகம் சுளிப்பவரும் இல்லை. இந்த நகரத்தில் எனக்குப் பிடித்த காட்சிகளுள் அது ஒன்று. ஆனால் பாதை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் எங்கள் சக்கர நாற்காலி நின்றுவிட்டது. முன்சக்கரங்கள் சிறியவை, மூன்றடி போவதற்குள் அச்சு வரை புதைந்துவிட்டன. நாற்காலியைத் திருப்பி, பின்சக்கரத்தில் சாய்த்து, பின்புறமாக இழுத்தால் கொஞ்சம் நகரும் என்பதைப் பிற்பாடுதான் கற்றோம். அன்று அவன் கடலுக்கு நாற்பது மீட்டர் தொலைவில் இருந்து அலையைப் பார்த்தான். பலகை ஒன்றும் இல்லை. தடுக்க யாரும் இல்லை. மணல் மட்டும் இருந்தது. அப்பா எதுவும் சொல்லாமல் நாற்காலிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவரும் கடலுக்குப் போகவில்லை.

நிறத்துக்காகத் தடுத்ததும் மணல் தடுப்பதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்று வஞ்சம், மற்றொன்று நினைப்பில்லாமை. ஆனால் கரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஈரமாகாத கால் ஒன்றுதான். தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் உலக அளவில் தரப்படும் நீலக் கொடித் தகுதியைப் பெறும் கடற்கரைகளைப் பொறுத்தவரை, ஒரு நகராட்சியில் ஒன்றிலாவது மாற்றுத்திறனாளிகள் நீர் வரை செல்ல வழியும் வசதியும் இருக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பாவுக்கு வெளியே அந்தக் கொடியை முதலில் ஏற்றிய நாடு தென்னாப்பிரிக்கா. 1996 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9 ஆம் பிரிவு, பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் இனத்தோடும் பாலோடும் சேர்த்து உடற்குறைபாட்டையும் எழுதியிருக்கிறது. 2007 இல் எங்கள் நாடு ஏற்ற ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30 ஆம் பிரிவு, விளையாட்டையும் பொழுதுபோக்கையும் உரிமை என்றே சொல்கிறது. எழுத்தில் எங்களுக்குக் குறையே இல்லை.

மாற்றுத்திறனாளி என்று எழுதினேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த அந்தச் சொல்லின் நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது. அதை அக்காள் மகனுக்குப் பொருள் பிரித்துச் சொன்னபோது, மாற்றாக ஒரு திறனும் தனக்குத் தரப்படவில்லை என்றும், தந்திருந்தால் அது என்ன என்று கேட்டுச் சொல்லும்படியும் சொன்னான். வேறு நல்ல சொல் எனக்குக் கிடைக்கும்வரை இதையே வைத்துக்கொள்கிறேன்.

ஊனமுற்றோர் விளையாட்டைப் பற்றி எங்கள் ஊரில் யார் மேடையேறினாலும் நடாலி டு டாய்ட் பெயர் வராமல் இருக்காது. வர வேண்டியதுதான். 2001 இல் நீச்சல் பயிற்சி முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது கார் மோதி இடதுகாலை இழந்தவர். மறு ஆண்டே மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில், இரண்டு கால் உள்ளவர்களோடு நீந்தி 800 மீட்டர் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தவர். 2008 இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சலில் 16 ஆவதாக வந்தவர். பாராலிம்பிக்கில் 13 தங்கம் வென்றவர். டெரன்ஸ் பார்க்கினையும் சேர்த்துக்கொள்ளலாம். காது கேளாத அவர், தொடக்க ஒலிக்குப் பதிலாக ஒளி மின்னுவதைப் பார்த்துக் குதித்து, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் வெள்ளி வென்றார். ஒலிக்குப் பதில் ஒளி, அவ்வளவுதான் மாற்றம். தூரத்தையோ கடிகாரத்தையோ யாரும் தளர்த்தவில்லை.

எனக்கு வருத்தம் இவர்களைப் பாராட்டுவதில் இல்லை, பாராட்டிய கையோடு வீட்டுக்குப் போய்விடுவதில் இருக்கிறது. உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 ஆம் நாள் விழாவில் ஒரு பேச்சாளர் என் அக்காள் மகனின் தலையைத் தடவி, "நீயும் ஒரு நாள் பாராலிம்பிக்கில் ஆடுவாய்" என்று வாழ்த்தினார். தனக்குப் பாராலிம்பிக் வேண்டாம், அடுத்த வெள்ளிக்கிழமை மண்டபம் கிடைத்தால் போதும் என்று அவன் பதில் சொல்லத் தொடங்கினான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த தலைக்குப் போய்விட்டார். அன்று அவன் சொன்னது பணிவு என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளூர்ச் சங்கங்களில் தோற்றும் வென்றும் ஆடுபவர்கள் ஆயிரம் பேர் இருக்கையில் ஒருவர் பதக்கம் வாங்குவார். கால் நன்றாக உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே விளங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பந்தாடும் பையன்களைப் பார்த்து, "உலகக் கோப்பைக்குப் போவாய் அல்லவா, இல்லையென்றால் எதற்கு ஆடுகிறாய்?" என்று யாரும் கேட்பதில்லை.

பார்வையற்றோர் கிரிக்கெட்டை நான் முதன்முதலில் பார்த்தது, உடன் பணியாற்றிய ஒருவர் ஆடுகிறார் என்பதற்காக. கிரிக்கெட் என்றால் ஊளையிட்டுப் பார்த்துப் பழகிய கூட்டம் எங்களுடையது. இங்கே பந்து உருளும்போது மூச்சுவிடும் ஓசையும் கேட்கக் கூடாது. கெட்டியான வெள்ளைப் பிளாஸ்டிக் பந்தின் உள்ளே இரும்புக் குண்டுமணிகள். சலங்கை போலன்று, தகரப் பெட்டியில் சில்லறையைக் குலுக்குவது போன்ற ஓசை. பந்து வீசுபவர் "தயாரா?" என்று கேட்பார், மட்டை பிடித்தவர் "ஆம்" என்றதும் "பிளே" என்று குரல் கொடுத்துக் கையைத் தாழ்த்தி வீசுவார். பந்து ஆடுகளத்தின் பாதியைக் கடப்பதற்கு முன்பே தரையில் பட்டாக வேண்டும். மட்டையாளர் ஒரு முழங்காலை ஊன்றித் தரையைக் கூட்டுவதுபோல் மட்டையை வீசுகிறார். பதினொருவரில் நால்வராவது முழுமையாகப் பார்வையற்றவராக இருக்க வேண்டும்; அவர்கள் எடுக்கும் ஒவ்வோர் ஓட்டமும் இரண்டாகக் கணக்காகும்.

ஆட்டம் முடிந்ததும் என் கண்ணைக் கட்டி மட்டையைக் கையில் கொடுத்தார்கள். ஐந்து பந்துகள். முதல் நான்கும் என்னைக் கடந்துபோன பிறகுதான் வந்ததே தெரிந்தது. ஐந்தாவது பந்தின் ஓசை வலப்பக்கம் நெருங்குவதை உணர்ந்து மட்டையைச் சுழற்றினேன். என் கணுக்காலில் அடித்துக்கொண்டேன். "ஒலி வந்த இடத்தில் அடிக்காதீர்கள், வரப்போகிற இடத்தில் அடியுங்கள்" என்றார் நண்பர், என் கணுக்காலைப் பற்றித் துளியும் கவலைப்படாமல்.

1922 இல் மெல்போர்னில் பார்வையற்ற தொழிலாளர் இருவர் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆடத் தொடங்கியதிலிருந்து வந்த ஆட்டம் இது. இதன் முதல் உலகக் கோப்பைப் போட்டி 1998 இல் டெல்லியில் நடந்தது. கோப்பையை வென்ற நாடு தென்னாப்பிரிக்கா. இறுதி ஆட்டத்தில் தோற்றது பாகிஸ்தான். அதற்கடுத்த ஆண்டு எட்ஜ்பாஸ்டனில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் எங்கள் ஊர்ப்பிள்ளை க்ளூஸ்னரும் டொனால்டும் ஓடிய அந்தக் கடைசி ஓட்டத்தை நினைத்து இந்த நாடே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அழுதுகொண்டிருக்கிறது. உலகக் கோப்பை முந்தின ஆண்டே வீட்டுக்கு வந்துவிட்ட செய்தியை அழுதவர்களில் எத்தனை பேரிடம் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். எனக்கும் தெரியாதுதான், அந்த மைதானத்துக்குப் போகும்வரை.

எங்கள் நாட்டின் பாராலிம்பிக் வரலாற்றிலும் ஒரு முரண் இருக்கிறது. 1964 டோக்கியோவில் தொடங்கிப் பங்கேற்ற தென்னாப்பிரிக்கா, நிறவெறியின் காரணமாக 1980 முதல் வெளியே நிறுத்தப்பட்டு 1992 பார்சிலோனாவில்தான் திரும்ப வந்தது. அதற்கு முன்பே 1976 டொராண்டோவில் தென்னாப்பிரிக்கா வந்திருந்ததை எதிர்த்துப் பல நாடுகள் விலகின. அந்தத் தடை சரியானது என்பதே என் முடிவு. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆடும் வயதைக் கடந்துவிட்டவர்களில் தடைக்குக் காரணமானவர்கள் எத்தனை பேர் என்றும் சில நேரம் எண்ணிப் பார்ப்பேன்.

சரி, இப்போது என்னதான் குறை என்று கேட்பவர்களுக்கு, ஒரு வெள்ளிக்கிழமையை மட்டும் சொல்கிறேன். மண்டபத்துக்குப் போக எங்களிடம் வண்டி இல்லாத நாட்களில் மினிபஸ் டாக்சிதான். கையை நீட்டினால் நாற்காலியைக் கண்ட ஓட்டுநர் வேகத்தைக் கூட்டுவார். நிறுத்துபவர் நாற்காலிக்கும் ஓர் ஆள் கட்டணம் கேட்பார். கொடுத்துவிட்டு ஏறினால், நாற்காலியை மடித்து, அவனைத் தூக்கி உட்கார வைக்கும்வரை பின்னால் அமர்ந்திருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். வேறொரு அரங்கில் நடந்த போட்டிக்குப் போனோம். அங்கே மின்தூக்கி இருந்தது, ஆனால் லோட்ஷெட்டிங் என்று முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய காலம் அது, அந்த நேரத்தில் மின்தூக்கி நின்றுவிடும். ஆட்ட அட்டவணையை மின்வெட்டு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அரையிறுதிக்கு நேரம் குறித்தோம். இன்னோர் இடத்தில் சக்கர நாற்காலிக்கான கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி காவலாளியிடம், காவலாளி சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து திறந்தபோது உள்ளே வாளிகளும் துடைப்பங்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. அன்று இறுதி ஆட்டத்தை விட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

வழியில் எனக்கு பாப்வா சீகோலம் நினைவுக்கு வந்தார். எங்கள் ஊரின் இந்தியக் கோல்ஃப் ஆட்டக்காரர். டச்சு ஓப்பனை வென்றவர். 1963 இல் டர்பனில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, வெள்ளையரோடு ஆட விட்டவர்கள் வெள்ளையரோடு உள்ளே நிற்க விடவில்லை. மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கினார். புற்றரை திறந்திருந்தது, கட்டடம் மூடியிருந்தது. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் கோப்பையைப் பற்றிப் பேசமாட்டார், மழையைப் பற்றித்தான் பேசுவார்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்ததால் எங்கள் கடற்கரைகளை மாதக்கணக்கில் மூடிவைத்தார்கள். நகரமே புலம்பியது. "இப்போது எல்லாரும் பாதையில் நின்று பார்க்கிறார்கள்" என்றான் என் அக்காள் மகன். வேறொன்றும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு ஜூலையில், தெரிந்த குடும்பம் ஒன்றிடம் கடற்கரைச் சக்கர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கினோம். பலூன் போலக் காற்றடைத்த மூன்று பருத்த சக்கரங்கள், எடையைப் பரப்பிவிடுவதால் மணலில் புதையாது, நீரில் மிதக்கும். குளிர்காலத்திலும் டர்பன் கடல் அவ்வளவாகச் சில்லிடாது. வேலை நாள் காலையில் கூட்டமும் இராது. உயிர்காக்கும் வீரர்கள் இருவரிடம் சொன்னோம். தயங்குவார்கள் என்று நினைத்து நான் ஒரு முழுச் சொற்பொழிவைத் தயாரித்து வைத்திருந்தேன். அவர்களில் மூத்தவர் நாற்காலியை ஒரு முறை சுற்றிவந்து, பட்டைகள் அவிழ்க்கத்தக்கவையா என்று மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு, "போகலாம்" என்றார். சொற்பொழிவு வீணாயிற்று.

நீர் முழங்கால் அளவுக்கு வரும்வரை நானும் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். வரும் ஒவ்வோர் அலையையும் நான் முன்கூட்டியே பார்த்து, "வருகிறது, வாயை மூடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது அலைக்குப் பிறகு அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். மண்டபத்தில் பார்ப்பானே, பந்தை வைத்துவிட்டு நான் இன்னும் கையை எடுக்காதபோது, அந்தப் பார்வை.

"பார்க்காதே" என்றான்.

வீரர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கையை எடுத்துவிட்டு, கரையை நோக்கித் திரும்பி நின்றேன். கடற்கரைப் பாதையில் ஒருவர் இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் சக்கரங்கள் தரையை விட்டு எழும் ஓசை ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும் கேட்க முயன்றேன். ஓர் அலை என் இடுப்பு வரை அடித்துவிட்டுப் போனது. அவன் குரல் வந்தது, "இன்னும்" என்று. என்னிடமன்று, அவர்களிடம். அந்தச் சொல்லின் பொருளை அவர்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று நான் இதுவரை கேட்கவில்லை.